முழங்காலோடு முழங்கால்

மாதத்தில் ஒரு நாள், காற்று சம்மதித்தால்,
சிலோயேயின் சின்னத் தீவுகளுக்குப்
பல் பார்க்கப் படகில் போகிறோம்.
மருத்துவர் ரோமினா,
உதவிக்கு நான்,
ஒரு டப்பா நிறைய சின்னக் கண்ணாடிகள்,
படகோட்டி எலீசெயோ.
அவருக்குப் பல்லே கிடையாது.

பள்ளிக்கூடத்து அறையில் விறகடுப்பு எரியும்.
பல் நாற்காலி இல்லை.
தாயும் மருத்துவரும் எதிரெதிரே அமர்ந்து
முழங்காலோடு முழங்கால் சேர்த்தால்
அதுதான் கட்டில்.
பிள்ளையின் கால்கள் தாயின் இடுப்பைச் சுற்றி,
தலை ரோமினாவின் மடியில்.
தலைகீழாய்த் தெரியும் அந்நிய முகத்தில்
எது வாய், எது நெற்றி என்று
கண்கள் மட்டும் தேடிக்கொண்டிருக்கும்.

முதலில் வந்தவன் நாவெல். ஏழு மாதம்.
ஈற்றைக் கீறி எட்டிப் பார்க்கும்
ஒரே ஒரு நொய்யரிசி, அவ்வளவுதான் அவன் பல்.
விளக்கைப் பார்த்துச் சிரித்தான்.
ரோமினாவின் விரலை வாங்கிச்
சற்று நேரம் சுவைத்தான்,
யோசித்தான்,
கடித்தான்.
கையுறையில் விழுந்த தடத்தை
அவன் அம்மாவிடம் காட்டி,
"நன்றாக வேலை செய்கிறது" என்றாள் ரோமினா.

ரயேன் வேறு ரகம். ஒன்றரை வயது.
வாசலிலேயே முதுகை வில்லாய் வளைத்தாள்.
அழுதாள்.
அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது
வீட்டுக் கணக்கு;
எங்கள் கணக்கில்
அழுத பிள்ளை கடைவாய் வரை காட்டும்.
அவள் மூச்சு வாங்குவதற்குள்
பன்னிரண்டையும் எண்ணிவிட்டோம்.
கூடவே அழுத அவள் அம்மாவின் பற்களை
எண்ணவில்லை.
துடைத்துவிட்டதும் ரயேன் செய்தது
ரோமினாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியதுதான்.
அதோடு நடையும் கட்டினாள்.

பௌதிஸ்தா, இரண்டரை வயது,
வாயைப் பூட்டிச் சாவியை விழுங்கியவன்.
கெஞ்சல், கொஞ்சல், பலூன், எதற்கும் அசையவில்லை.
கையில் துணியால் தைத்த கடற்சிங்கம்.
சரி, முதலில் இவருக்குப் பார்ப்போம் என்று
ரோமினா அதன் முகத்தை விரித்தாள்.
"ஒன்று, இரண்டு, மூன்று..."
"அதுக்குப் பல்லே இல்லை!"
பொய்யைப் பொறுக்காமல் அவன் கத்திய கத்தலில்
மேல்வரிசை முழுவதையும் பார்த்துவிட்டோம்.
கீழ்வரிசை அடுத்த மாதத்துக்கு.

கடைசியில் எமெலினா.
மூன்று வயது, சிவப்புக் கம்பளித் தொப்பி.
கேட்பதற்கு முன்பே படுத்தாள்,
சொல்வதற்கு முன்பே திறந்தாள்.
எவ்வளவு நல்ல பிள்ளை என்றார்கள்
சுவரோரம் காத்திருந்தவர்கள்.
மேலே முன்பற்கள் நான்கும்
ஆப்பிள் விதைகளைப் போல்
கறுத்து, குறுகி, ஈற்றோடு ஈறாய் இருந்தன.

அவள் அப்பா ஓர்லாந்தோ
சால்மன் ஆலையில் இரவு வேலை முடித்து
ரப்பர் காலணியோடு நேரே வந்திருந்தார்.
"பால்புட்டி வாயில் இருந்தால்தான் தூங்குவாள்.
நான் இல்லாத ராத்திரிகளில்
வேறென்ன கொடுப்பது?"
தரையைப் பார்த்துக் கேட்டார்.
இரவில் புட்டியில் தண்ணீர் மட்டும் என்று
நான் எழுதிக் கொடுத்த சீட்டை
நான்காய் மடித்தார், எட்டாய் மடித்தார்.

வலிக்கிறதா என்று ரோமினா கேட்டாள்.
எமெலினா நெடுநேரம் யோசித்தாள்.
"இல்லை. எப்பவும் போலத்தான்."

அடுப்பில் விறகு சரிந்தது.
கண்ணாடியைத் துடைப்பதுபோல்
துடைத்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பும்போது மழை.
எலீசெயோ ஈறு தெரியச் சிரித்துக்
கேட்பதைத்தான் கேட்டார்:
"இன்றைக்கு எத்தனை பேர் அழுதார்கள்?"
"ஒன்பது."
"பரவாயில்லை, நல்ல நாள்தான்."
ரோமினா ஒன்றும் சொல்லவில்லை.
கையுறையில் இருந்த அந்தப் பல்தடத்தை
கழற்றி எறிய மறந்திருந்தாள்.

வியாழக்கிழமை, காஸ்ட்ரோ மருத்துவமனையில்
எமெலினாவுக்கு நேரம் கேட்டிருக்கிறோம்.
அங்கே அவள் உதைக்கட்டும்.
யார் மூக்குக்கண்ணாடியையாவது பிடுங்கட்டும்.
கூடம் அதிர,
கடைவாய் தெரிய,
ஒருமுறை அழட்டும்.